ட்ரிப் ஷீட்டுல இருந்த வெள்ளிக்கிழம

கடத்தல்னே எழுதிக்குங்க சார், எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்ல. குற்றச்சாட்டுல அழகா டைப் அடிச்சிருக்காங்க, கம்பெனி பேருந்தையும் அதிலிருந்த முப்பத்தெட்டு பெண் தொழிலாளர்களையும் அனுமதியின்றி ஏலகிரி மலைக்குக் கொண்டு சென்றதுன்னு. படிக்கும்போது எனக்கே கொஞ்சம் பயமாதான் இருந்துச்சு, யார்றா இவன்னு. ஒரே ஒரு தப்பு இருக்குது. நாப்பத்திமூணு பிள்ளைங்கள விட்டுட்டாங்க. கடத்தினதுதான் கடத்தினேன், அதையும் சேர்த்துக்குங்க.

ஆமா சார், ஆரோக்கியசாமி. வயசு முப்பத்தொம்பது. பதினோரு வருஷமா கம்பெனி பஸ்ஸு ஓட்டறேன். காலையில ஆறு மணிக்கு ஒடுகத்தூர்ல எடுத்து, வழியெல்லாம் பொம்பளைங்கள ஏத்திக்கினு, மாதனூர் வந்து, ஆம்பூர் கேட்டுல ஏழேகாலுக்கு விடுவேன். பதினோரு வருஷத்துல ஒரு கோழி மேல கூட ஏத்தினதில்ல. நீங்க வேலூர்ல இருந்து விசாரணைக்குன்னு வந்திருக்கிற வக்கீலு, வெளி ஆளு. இங்க நடக்கிறது உங்களுக்குப் புரியணும்னா கொஞ்சம் முன்னாடி போகணும். டீ குடிங்க சார், ஆறிடும். டீ மட்டும் இங்க நேரத்துக்கு வந்துடும்.

நம்ம கம்பெனிக்கு வார லீவு வெள்ளிக்கிழம. முதலாளிங்க ஜும்மா தொழுகைக்குப் போகணும், நியாயம்தான். எங்கள மாதிரி மாதா கோயில் ஆளுங்க ஞாயித்துக்கிழம விடியக்காலம் பூசையப் பார்த்துட்டு பஸ்ஸுக்கு ஓடி வந்துடுவோம். ஃபாதர் பாவம், எங்களுக்காகவே பிரசங்கத்தக் கம்மி பண்ணிட்டாரு. அதுல யாருக்கும் பேஜார் இல்ல. ஆனா பள்ளிக்கூடத்துக்கு லீவு சனி ஞாயிறு. அம்மா வீட்ல இருக்கிற அன்னிக்குப் பிள்ள இல்ல, பிள்ள இருக்கிற அன்னிக்கு அம்மா இல்ல. வருஷத்துல ரெண்டு மாசம், ஏப்ரல், மே, அப்பதான் வெள்ளிக்கிழமல ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள இருப்பாங்க. சரியா அந்த ரெண்டு மாசம் பார்த்து ஆர்டர் வந்துச்சு.

இன்னா ஆர்டரா? கேட்டீங்களே, நல்ல கேள்வி. ஜெர்மனில கோடை லீவுக்குப் பிள்ளைங்க ஊர் சுத்தப் போறாங்களாம். அதுக்குப் போட்டுக்கிற செருப்பு. வாரு வச்சது, மெத்துன்னு இருக்கும். மூணு வயசுக்கு ஒண்ணு, ஏழு வயசுக்கு ஒண்ணு, பன்னெண்டு வயசுக்கு ஒண்ணுன்னு சைஸ் சைஸா. அட்டப்பெட்டி மேல படம் போட்டிருக்காங்க, அப்பா, அம்மா, மூணு பிள்ளைங்க, ஒரு ஏரி, ஒரு நாயி. எல்லாம் சிரிச்சிக்கினு இருக்குது, நாயி உட்பட. அந்தப் பிள்ளைங்க லீவு வீணாப்போய்டக் கூடாதேன்னு நம்ம பொம்பளைங்க ஏழு வெள்ளிக்கிழம தொடர்ந்து வந்து தச்சாங்க. ஏழு வெள்ளி சார். நடுவுல ரம்ஜான் நோன்பு வேற. செருப்பு வாருல பூ மாதிரி ஒரு தையல் வரும், அத நோன்போட ஒக்காந்து தச்சாங்க ஹலீமா பீ. அந்த லைன்லயே அவங்கதான் மூத்தவங்க.

முணுமுணுப்பு வந்துச்சு. வராம இருக்குமா? மேனேஜர் சார் நல்ல மனுஷன், அத நான் மறுக்கல. உடனே ஒரு கமிட்டி போட்டாரு. மே கடைசி வெள்ளி, இருபத்தேழாந்தேதி, எல்லா வயதுக் குழந்தைகளும் மகிழத்தக்க குடும்ப உல்லாசப் பயணம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. கேன்டீன்ல ஒண்ணு, டைம் ஆபீஸ்ல ஒண்ணு, கேட்டுல ஒண்ணு. எங்க போறதுன்னு கமிட்டி மூணு நாள் ரூம் போட்டு யோசிச்சுது. வேலூர் கோட்டைன்னாங்க. சின்னதுங்க அகழில விழுந்துடும்னு தள்ளிட்டாங்க. அமிர்தி காட்டுல மான் இருக்குதுன்னாங்க. பெரிய பசங்க மானப் பார்த்து இன்னா பண்ணுவாங்கன்னு அதுவும் போச்சு. ஜலகாம்பாற அருவின்னு ஒருத்தரு. மே மாசத்துல அங்க அருவி எங்க இருக்குது, பாறதான் இருக்குது. கடைசில ஏலகிரி. கைப்பிள்ளைல இருந்து மீசை மொளைக்கிற பையன் வரைக்கும் எல்லாத்துக்கும் பொருத்தமானது அங்க ஒண்ணு இருக்குதாம், காத்து. பிள்ளைங்கள மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல.

அதுக்கப்புறம் மூணு வாரம் என் பஸ்ஸுல வேற பேச்சே இல்ல. செண்பகம்னு ஒரு பொண்ணு, ஸ்கைவிங் மிஷின்ல இருக்குது. அதான் சார், தோலு ஓரத்த மெலிசா சீவறது. அதோட பையன் தினம் ராத்திரி எழுப்பி, இன்னும் எத்தினி நாள்னு கேக்கறானாம். கமலம்னு இன்னொருத்தி, அவ வீட்ல பெரிய பொண்ணு பத்தாவது பரீட்ச எழுதியிருக்குது, நான் வரல, குழந்தைங்க கூட எல்லாம் நான் எதுக்குன்னு சொல்லிட்டு, பாவாட தாவணிய மட்டும் மூணு தடவ இஸ்திரி போட்டு வச்சுதாம். புளி சோறா தக்காளி சோறான்னு மாதனூர்ல ஆரம்பிச்ச சண்ட ஆம்பூர் வரைக்கும் ஓடும். நான் இன்னா, ரோட்டப் பார்த்துக்கினு காதக் குடுத்துக்கினு ஓட்டுவேன்.

வியாழக்கிழம சாயங்காலம் மணி அஞ்சு இருக்கும். மைக்குல சொல்லிட்டாங்க. கப்பலு முன்னாடி வருதாம், நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரணும், பயணம் தேதி குறிப்பிடாமல் தள்ளி வைக்கப்படுகிறது. அவ்ளோதான். மிஷினெல்லாம் நிக்கவே இல்ல சார், அந்தச் சத்தத்துலயே சொல்லி முடிச்சிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் பஸ்ஸுல புளி சோறும் இல்ல, தக்காளி சோறும் இல்ல.

இப்ப ட்ரிப் ஷீட்டப் பத்தி சொல்றேன், இது உங்களுக்குப் புடிக்கும், சட்டம் சம்பந்தப்பட்டது. வாரா வாரம் சனிக்கிழம டைம் ஆபீஸ் வேதாசலம் சாரு அடுத்த வாரத்து ட்ரிப் ஷீட்டு எழுதுவாரு, மேனேஜர் கையெழுத்து போடுவாரு. அதுல இருக்கிற எடத்துக்குத்தான் வண்டி போகணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மேனேஜர் சார் வாயால சொன்னாரேன்னு அவரு மாமியார ஜோலார்பேட்டைல ரயிலேத்தி விடப் போனேன். பெரிய மொதலாளி பார்த்துட்டாரு. எனக்குத்தான் மெமோ. வாய்மொழி உத்தரவை ஓட்டுநர் ஏற்கக் கூடாது, ட்ரிப் ஷீட்டில் உள்ளபடியே வண்டி செல்ல வேண்டும்னு. அந்த மெமோவ நான் பத்திரமா வச்சிருக்கேன். அந்த இருபத்தேழாந்தேதிக்கு ட்ரிப் ஷீட்டுல இன்னா இருந்துச்சு தெரியுமா? வெள்ளி, காலை ஆறு, குழந்தைகளுடன், ஏலகிரி மலை. மைக்குல பேசினவங்க அத கோடு போட்டு அடிக்க மறந்துட்டாங்க.

கேப்பீங்கன்னு தெரியும். அந்த ஷீட்டு இப்ப ஆபீஸ்ல இல்லையாம். எலி தின்னுடுச்சோ இன்னாவோ. என் காப்பியா? பஸ்ஸுல டேஷ் போர்டு சந்துல சொருகியிருந்தேன். பஸ்ஸு கம்பெனிது இல்லியா, சாவிய வாங்கிக்கினாங்க. பரவால்ல, அத எழுதாதீங்க. அந்த ஷீட்ட நம்பி நான் இங்க வரல.

வெள்ளிக்கிழம காலையில ஒடுகத்தூர்ல போய் நிக்கறேன். பொம்பளைங்க வேலைக்குப் போற சேலைல, சாப்பாட்டுப் பையோட நிக்கறாங்க. பக்கத்துல பிள்ளைங்க. தலைக்குக் குளிப்பாட்டி, பவுடர் அடிச்சு, கையில ஒரு தூக்குவாளி. பாதிப் பேரு ராத்திரி பிள்ளைங்ககிட்ட சொல்லவே இல்ல. சொல்றதுக்கு வாய் வரல. சொன்னவங்க பிள்ளைங்களும் வந்து நிக்குதுங்க, ஒருவேள அம்மா பொய் சொல்லியிருக்கலாமேன்னு. அடுத்த ஸ்டாப்புலயும் அப்டிதான், அதுக்கடுத்த ஸ்டாப்புலயும் அப்டிதான். ஹலீமா பீ பேரப்பிள்ள, அஞ்சு வயசு, பத்து நாள் முன்னாடி ரம்ஜானுக்குத் தச்ச சட்டைல மாப்பிள்ள மாதிரி நிக்கறான். பஸ்ஸு படிய தொட்டுப் பார்த்து, இந்த பஸ்ஸுதானேன்னு என்ன கேக்கறான். நான் இன்னா சார் சொல்றது? தேதி குறிப்பிடாமல்னு அவனுக்கு எப்டி சொல்றது? ஏறுடான்னேன்.

பிள்ளைங்கள ஏத்தினது நான்தான். பொம்பளைங்க வேணாம்னுதான் சொன்னாங்க. அப்டிதானே அவங்க எழுதிக் குடுத்த காகிதத்துலயும் இருக்குது? இருக்குதில்ல, சரி.

ஆம்பூரு வந்துச்சு. கேட்டு எடது பக்கம். நைட் வாட்ச்மேன் இன்னும் வீட்டுக்குப் போகல, அவனுக்கு மைக் சமாச்சாரம் தெரியாது, கேட்டுல ஒட்டின நோட்டீஸ்தான் தெரியும். பஸ்ஸு பூரா பிள்ளைங்களப் பார்த்துட்டு, ஓகோ பிக்னிக்கான்னு விறைப்பா நின்னு ஒரு சலாம் வச்சான். நான் திரும்பல. நேரா வாணியம்பாடி ரோட்டுல விட்டுட்டேன். பொம்பளைங்க ஏன் கத்தலன்னா கேக்கறீங்க? பழைய லேலண்டு எஞ்சின் சார், கத்தினாலும் கேக்காது. நேரா விடச் சொல்லி யாராவது சொன்னாங்களா? ஒருத்தரும் சொல்லல. நானா விட்டேன். அத பெரிய எழுத்துல எழுதிக்குங்க.

மலைமேல இன்னா நடந்துச்சுன்னும் சொல்லணுமா? பதினாலு கொண்டை ஊசி வளைவு. மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் மூணாவது வளைவுலயே வாந்தி. பத்து வயசுங்க எல்லாம் தலைய வெளிய நீட்டிக்கினு, எண்ணறேன்னுட்டு எல்லாம் வேற வேற நம்பர் சொல்லுது. கமலம் பொண்ணு கடைசி சீட்டுல, இந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லன்ற மாதிரி மூஞ்ச வச்சிக்கினு வருது. வாந்திய யார் தொடச்சதுன்னு நினைக்கறீங்க? அந்தப் பொண்ணுதான். தாவணி முந்தானைய நனைச்சுத் தொடச்சுக்கினே, இனிமே ஜென்மத்துக்கும் உங்களோட வர மாட்டேன்னு திட்டிக்கினே வந்துச்சு.

மேல போய் ஒரு பலா மரத் தோப்பு ஓரமா நிறுத்தினேன். சாப்பாட்டப் பிரிச்சோம். எந்த ரெண்டு பேரும் ஒரே சோறு கொண்டாரல, எல்லாத்தையும் கலந்து சாப்ட்டாச்சு. அதுக்கப்புறம்தான் கமிட்டி எதிர்பார்க்காத ஒண்ணு நடந்துச்சு. ஓடிப் பிடிச்சு விளையாடலாம், பிள்ளைங்களோட ஏரிப் பக்கம் போகலாம்னு மூணு வாரமா பேசினவங்க, சாப்ட்ட கை காயறதுக்குள்ள ஒவ்வொருத்தரா சாய்ஞ்சிட்டாங்க. தூங்கிட்டாங்க சார். முப்பத்தெட்டு பேரும். புல்லுமேல, வேருமேல, ஒருத்தி மடியில ஒருத்தி. செண்பகம் தூங்கறப்ப கூட விரலு ரெண்டும் தோலப் புடிச்சித் தள்ற மாதிரி ஆடிக்கினே இருந்துச்சு. ஏழு வெள்ளிக்கிழம தூக்கம் இல்லியா, மொத்தமா வந்துடுச்சு.

நாப்பத்திமூணும் இப்ப என் பொறுப்பு. மரம் ஏறுதுங்க, அடிச்சிக்குதுங்க, ஒண்ணுக்கு வருதுன்னுதுங்க. பஸ்ஸு ஓட்டறதுக்குத்தான் எனக்கு லைசென்ஸு, இதுக்கு இல்ல. ஒரு மணி நேரம் கத்தினேன். அப்புறம் பார்த்தா சத்தமே இல்ல. எங்கடா போச்சுதுங்கன்னு ஓடி வந்தேன். ஒண்ணொண்ணும் அதது அம்மா பக்கத்துல போய் ஒக்காந்துக்கினு இருக்குது. சும்மா. அம்மா மூஞ்சியப் பார்த்துக்கினு. கமலம் பொண்ணு ஒரு இலைய வச்சு அம்மா மேல ஈ ஓட்டுது. அம்மா பகல்ல தூங்கி அதுங்க பார்த்ததே இல்ல போல. கைப்பிள்ளைல இருந்து மீசை மொளைக்கிறவன் வரைக்கும் ஒருத்தனும் எழுப்பல. நான் பஸ்ஸுக்குப் பின்னாடி போய் டயரப் பார்க்கிற மாதிரி நின்னு அழுதுட்டேன் சார். அதையும் வேணும்னா குற்றச்சாட்டுல சேர்த்துக்கலாம், பணி நேரத்தில் அழுததுன்னு.

சாயங்காலம் ஆறரைக்கு ஆம்பூர்ல கேட்டு முன்னாடி மேனேஜர் சார் நிக்கறாரு. சலாம் எல்லாம் வைக்கல. சாவிய வாங்கினாரு, எனக்கு அங்கயே சஸ்பெண்டு. பொம்பளைங்க முப்பத்தெட்டு பேரையும் டிஸ்மிஸ்னு அடுத்த நாள் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. கேட்டு மேல இருந்த பிக்னிக் நோட்டீஸ் மேலயே ஒட்டிட்டாங்க, எடத்த மிச்சம் புடிக்கிறாங்க போல. ஒரு நாள் போச்சு. அப்புறம்தான் ஆபீஸ்ல யாரோ கேட்டிருக்காங்க, இவங்கள அனுப்பிட்டா மிச்ச செருப்ப யாரு தைக்கிறதுன்னு. ஜெர்மன் பிள்ளைங்க வெறுங்காலோட ஏரிக்குப் போகுமா?

அதனால ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. நாங்க வேலைக்குத்தான் கிளம்பினோம், டிரைவர்தான் எங்க சம்மதம் இல்லாம ஓட்டிக்கினு போய்ட்டான்னு எழுதிக் குடுத்தா வேலை உண்டுன்னு. வேதாசலம் சார் கார்பன் வச்சு டைப் அடிச்சாரு. முப்பத்தெட்டும் ஒரே மாதிரி, பேரு மட்டும்தான் வேற. இந்தப் பொம்பளைங்க இருக்காங்களே, பொழைக்கத் தெரியாத ஜனம். ரெண்டு நாள் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. எல்லாரும் சேர்ந்துதான் போனோம், அவரு மேல மட்டும் எப்டி போடறதுன்னு ஹலீமா பீ ஆபீஸ்லயே ஒக்காந்துட்டாங்க. மூணாம் நாள் மொத்தமா போட்டுட்டாங்க. ஏன் மனசு மாறினாங்கன்னு கேட்டா எனக்கு எப்டி சார் தெரியும்? நான் சஸ்பெண்டு ஆன ஆளு, கேட்டுக்கு வெளிய நிக்கறவன்.

அவ்ளோதான் சார். மறுப்பு ஒண்ணும் இல்ல. சாட்சிங்கள யாரையும் குறுக்கு விசாரண பண்ணல, எல்லாம் உண்மைன்னு ஒத்துக்கறேன். எங்க போடணும்? இங்கயா? ரெண்டு காப்பியா? போட்டுட்டேன்.

முடிஞ்சுதா? பேனாவ மூடிட்டீங்களே, முடிஞ்சுதுதான்.

வீட்லயா சார்? மூணு பிள்ளைங்க. பெரியவளுக்குப் பன்னெண்டு, நடுவுல பையன் ஏழு, கடைக்குட்டிக்கு மூணு. பெட்டி மேல போட்டிருக்கிற மாதிரியேதான், நாயி மட்டும் இல்ல. ஆமா, அதுங்களும் வந்துச்சுங்க, நாப்பத்திமூணுல அந்த மூணும் இருக்குது. இனிமே இன்னா பண்றதுன்னு ஒண்ணும் யோசிக்கல. சம்சாரம் வேலைக்குப் போறா, அது போதும் இப்போதிக்கு.

எங்கயா? இங்கதான் சார். பேரு ரோஸ். உங்க கையில இருக்குதே அந்தக் கட்டு, அதுல பதினேழாவது காகிதம். எடுத்துப் பாருங்க. ஆமா, டிரைவருக்கும் எனக்கும் எந்தவிதப் பழக்கமும் இல்லைன்னு இருக்கும், எல்லாத்துலயும் அப்டிதான் இருக்குது. பதிமூணு வருஷம் ஆச்சு கல்யாணம் ஆகி. ரெண்டு நாள் போட மாட்டேன்னவங்கள்ல மொத ஆளு அவதான். அவ போடலன்னுதான் மத்தவங்களும் போடல. ராத்திரி பூரா அழுதா. வீட்ல ஒருத்தராவது பஸ்ஸு ஏறணும்டி, நீ போட்டாதான் செண்பகம் போடும், கமலம் போடும், ஹலீமா பீயும் எழுந்திருப்பாங்கன்னு பேனாவ நான்தான் கையில குடுத்தேன். கேட்டாண்ட நேரா விடச் சொல்லி யாராவது சொன்னாங்களான்னு கேட்டீங்க இல்ல? அவதான் சார் சொன்னா. என் சீட்டுக்குப் பின்னாடி நின்னுக்கினு, கம்பிய புடிச்சிக்கினு, திருப்பாதீங்க, நேரா விடுங்கன்னா. பதிமூணு வருஷத்துல அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்.

எழுதலியே? சரி சார். உங்களுக்குப் புண்ணியமா போகும்.

ஒரே ஒரு உதவி. நாளைலருந்து புது டிரைவர் வரானாம், ஆபீஸ்ல சொல்லிட்டுப் போங்க. மாதனூருக்கு முன்னாடி ரைஸ் மில்லு தாண்டினதும் ஒரு ஸ்டாப்பு இருக்குது, போர்டு கிடையாது. கடைக்குட்டி அழுதான்னா அவ கொஞ்சம் லேட்டா வருவா. ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, நான் நிறுத்துவேன்.